அண்ணாத்த கடையின் வெறும் ஆணிகள்

அன்புள்ள நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டு, "ரிசப்ஷனுக்கு சாப்பாடு ருசி பாக்கப் போனியேம்மா, ஹோட்டலு எப்டி கீது?" என்று கேட்டாய். "நல்லா கீதுடா, பாயசம்தான் கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்று அடுப்பில் குக்கரே இல்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து, "இன்னாத்துக்கு பேயறஞ்ச மாதிரி உக்காந்துகினு கீற?" என்று கேட்டார். பேய் அறைந்ததுதான். யாருடைய பேய், ஏன் அறைந்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் உனக்கும் கீர்த்திக்கும் நடக்கப்போகிற கல்யாணத்தில் என்னால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்க முடியாது. போனில் சொன்னால் நீ லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே ம் கொட்டுவாய், பாதியில் "வுடும்மா பழைய கதைய" என்பாய். நீ புனேவிலிருந்து வந்து இறங்கிவிட்டாலோ வீடு முழுக்க ஆள் இருக்கும். அதனால் எழுதுகிறேன். அட்டையில் மூன்று வரிக்கு மேல் எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பொறுத்துக்கொண்டு படி.

தணிகாசலம் மாமாவை உனக்குத் தெரியும். தீபாவளிக்குத் துணி எடுத்துத் தந்த மாமா, உனக்கு பத்தாவதில் மார்க் வந்த அன்று ஈ.சி.ஆர் ரோட்டில் போகிற வருகிறவனுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்த மாமா. ஆனால் அவர் கடையில் பதினோரு வருஷம் நின்றவள் நான். திருவிடந்தை கோயில் திருப்பம் தாண்டி, ரோட்டோரம் நீளமாக ஒரு தகர ஷெட். வாசலிலேயே கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். உள்ளே தூண், தொட்டில், கடிகாரம், ஊறுகாய் ஜாடி, ஊஞ்சல் பலகை, யாரோ தாசில்தார் உட்கார்ந்த நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ் வாசனை. வேலை கேட்டுப் போன அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா வருமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு துண்டுப் பேப்பரில் என் பெயரை எழுதிக் காட்டினேன். "நாளைக்கு வா" என்றார். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அன்றிலிருந்து அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிட்டேன். உன் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் அவர்தான் நிற்பார் என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டதுதானே. அவரும் அதற்கென்று ஒரு பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தார். நீ அப்போது காலேஜ் கூட முடிக்கவில்லை.

அவர் பழம்பொருள் வியாபாரத்துக்குப் படித்துவிட்டு வந்தவர் இல்லை. வீடு இடிக்கிற வேலையில் இருந்தவர். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் சம்மட்டி தூக்கிக் கூலிக்குப் போய், பிறகு தானே கான்ட்ராக்ட் எடுத்து, இடிக்கிற வீட்டுக் கதவையும் ஜன்னலையும் விற்று, அப்படியே கடை ஆகிவிட்டது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேறு யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு வீட்டை இடிக்கப் போனால் முதல் நாள் யாரையும் ஆணி கூடப் பிடுங்க விடமாட்டார். பம்ப் ஸ்டவ்வும் ஒரு பாக்கெட் பாலும் கையோடு கொண்டு போவார். அந்த வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து பால் காய்ச்சுவார். பொங்கி வழிந்ததும் வீட்டுக்காரர், கூலி ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் கொடுப்பார். ஒருமுறை, செங்கல்பட்டில் ஒரு பெரிய வீட்டை அபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்தவன் சிரித்தான். "இன்னா பெரியவரே, இடிக்கிற வூட்டுக்கு கிரகப்பிரவேசமா?" அண்ணாத்த தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "வர வூட்டுக்குக் காய்ச்சுறீங்க. போற வூட்டுக்கும் காய்ச்சணும் இல்ல. குடி." அவன் குடித்தான். குடித்துவிட்டு வாசலில் போய் நின்று மூக்கைச் சிந்தினான்.

என் வேலை அட்டை எழுதுவது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்ன அட்டை, நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். என்ன பொருள், எந்த ஊர் எந்த வீடு, எப்படி வந்தது. மூன்றே வரி. வெள்ளைக்காரர்கள் வந்து எத்தனை வருஷப் பழசு என்று கேட்டால், "வயசு தெரியாது, வூடு தெரியும்" என்பார். அந்த ரோட்டில் மற்ற கடைக்காரர்கள் புது மரத்தை உப்புத் தண்ணியில் ஊறப்போட்டு, மண்ணில் புதைத்து எடுத்து, இருநூறு வருஷம் என்று விற்பார்கள். "ஆறு மாசக் கொழந்தைக்கு நரமுடி ஒட்டி தாத்தான்றானுங்க" என்று அவர் சொல்லிச் சிரிப்பது இப்போதும் என் காதில் இருக்கிறது. விற்ற பொருளை அவர் போய்ப் பார்க்கவே மாட்டார். கதவு வாங்கியவர்கள், "மாட்டியாச்சு, வந்து பாருங்க" என்று காரே அனுப்புவார்கள். போகமாட்டார். "பொண்ணக் குடுத்துட்டு தெனம் சம்பந்தி வூட்டு வாசல்ல போயி நிக்கக் கூடாதும்மா" என்பார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். கடையின் உள்பக்கச் சுவர் முழுக்க போட்டோக்கள். யார் யாரோ. வீடு இடிக்கும்போது சாமி அறையிலும் கூடத்திலும் தொங்குகிற படங்களை, "நீங்க எடுத்துகினு போங்க" என்று வீட்டுக்காரர்களிடம் கெஞ்சுவார். "எங்க மாட்றது பெரியவரே, ஃப்ளாட்ல ஆணி அடிக்க வுட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தேக்குச் சட்டம் நல்ல விலை போகும். மற்றவர்கள் சட்டத்தை வைத்துக்கொண்டு படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். இவர் சட்டத்தோடு கொண்டுவந்து மாட்டினார். விற்க மாட்டார். அந்தப் படங்களுக்கு மட்டும் என்னை அட்டை எழுத விடவில்லை. பேர் தெரியாதவர்களுக்கு என்ன எழுதுவது. அமாவாசை அன்று காலையில் கடை திறந்ததும் சுவருக்கு எதிரே ஒரு முக்காலியில் அகல் விளக்கு ஏற்றி வைத்து, காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் வியாபாரம். மாலை மட்டும் போடமாட்டார். "இவங்க பசங்களுக்கே மறந்துபோச்சு. நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. நிக்கட்டும்" என்பார்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்தச் சுவர் பயம். நாற்பத்தோரு படம். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் பித்தளை துலக்கிக்கொண்டிருப்பேன், முதுகில் எண்பதுக்கு மேல் கண் ஊர்கிற மாதிரி இருக்கும். அதிலும் ஒரு படம். ஸ்டூடியோ நாற்காலியில் ஒரு பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். பக்கத்தில் ஸ்டூல், அதில் காகிதப்பூ ஜாடி, ஜாடிமேல் ஒரு கை. எல்லோரும் கேமராவைப் பார்த்தால் அவள் மட்டும் கொஞ்சம் தள்ளி, யாரோ உள்ளே வருகிற மாதிரி வாசலைப் பார்ப்பாள். நான் காலையில் கடைக்குள் நுழைந்தால் நேரே என்னைத்தான் பார்ப்பாள், ஏன் லேட் என்று கேட்கிற மாதிரி. ஒருநாள் அண்ணாத்தயிடம், "இவங்க எந்த வூடு?" என்று கேட்டேன். கதவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அது தெரிஞ்ச வூட்டு ஆளும்மா" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எந்த வீடு எந்த ஊர் என்று ஒரு ஊறுகாய் ஜாடிக்குத் துருவித் துருவிக் கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை.

அவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கடை ஒன்றரை மாசம் என் பொறுப்பில் இருந்தது. அப்போது ஒரு பெண் வந்தாள், கையில் அளவெடுக்கிற டேப். மாமல்லபுரம் ரோட்டில் புதிதாக ஒரு ஹோட்டல் வருகிறதாம், அதற்கு உள் அலங்காரம் செய்கிறவள். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது மொத்தமும் வேணும்" என்றாள். விற்பதற்கில்லை என்றேன். மறுநாளும் வந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. போட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். கிழவருக்கு வீண் பிடிவாதம், நான் ஒரே நாளில் பெரிய வியாபாரம் செய்து காட்டுகிறேன் பார் என்ற திமிர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தக் கண்களெல்லாம் தொலையட்டும் என்ற பயம். பயமும் திமிரும் சேர்ந்தால் புத்தி வேலை செய்யாது நைனா. ஸ்டூல் போட்டு ஏறி நானே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். வாசலைப் பார்க்கிற அந்தப் பெண்ணைத்தான் முதலில் கொடுத்தேன்.

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்த அன்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான். நாற்பத்தோரு ஆணி, ஒவ்வொரு ஆணிக்கும் கீழே வெளுத்த ஒரு கட்டம். "எல்லாத்தையுமா?" என்று கேட்டார். "எல்லாத்தையும்தான் அண்ணாத்த. ஒண்ணு வுடாம" என்றேன், பெருமையாக. தண்ணி கேட்டார். சொம்பு நிறையக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா. ஒட்டட அடிக்கிற வேல கொறஞ்சுது" என்றார். அவ்வளவுதான். ஒரு கடும் சொல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. ஆஸ்பத்திரி சாப்பாடு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தச் சுவரில் கண்ணாடி மாட்டலாம் என்று கொறடு எடுத்துக்கொண்டு போனேன். "ஆணிய வுடு. செவுரு பேந்துடும்" என்றார். அதற்குப் பிறகு அங்கே எதையும் மாட்டவில்லை. நாலு வருஷம் அந்த ஆணிகள் அப்படியே துருத்திக்கொண்டு இருந்தன. கடையில் விளக்கு ஏற்றுவதும் நின்றுபோயிற்று. அமாவாசை அன்று காலையில் கடையைத் திறந்து கொடுத்துவிட்டு டி.வி.எஸ்.ஸில் ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "சொம்மா, கடக்கர வரைக்கும்" என்பார். மாமல்லபுரத்தில் தர்ப்பணம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒருமுறை சட்டையில் காபி கொட்டிய கறையைப் பார்த்துவிட்டு, "விரதம் எல்லாம் காபியோடவா அண்ணாத்த?" என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார்.

அவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். காலையில் ஒரு கதவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். நீ பரீட்சையை விட்டு வந்து நின்றாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் தங்கை தனம் அக்கா கடைக்கு வந்தாள். உள்ளே நேராகப் போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள். "எங்க அண்ணி படம் எங்கம்மா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "சுலோச்சனா அண்ணிம்மா. பூ ஜாடி மேல கை வெச்சுகினு கீறாப்புல. ஒரே படம்தான் கீது. வூட்ல மாட்டினா மாலை போடணும், செவப்பு பல்பு போடணும். மாலை போட்டா செத்தவ ஆயிடுவான்னு இத்தன வருசமா இங்க கொண்டாந்து ஜனங்களோட ஜனமா வெச்சிகினு இருந்தாரு. ரெண்டு பேரையும் சேத்து வெச்சுப் படைக்கலாம்னு வந்தேன்." வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. "தேடிப் பாக்குறேன்க்கா" என்றேன்.

அவர் போன பிறகு இந்த நாலு வருஷமாக ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் தனம் அக்கா போன் செய்கிறாள். "கெடச்சுதாம்மா?" "தேடிகினுதான் கீறேன்க்கா." நான் தேடிய லட்சணத்தைக் கேள். அந்த அலங்காரக்காரி போன் நம்பர் வேலை செய்யவில்லை. ரோட்டில் இரண்டு ஹோட்டலுக்குள் போனேன். வாட்ச்மேன் என் செருப்பைப் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டேன். இரண்டே இரண்டு. கடை இருந்த இடத்தில் பைக் ஷோரூம் வந்தது, சுவரையே இடித்தார்கள். அந்தச் சுவருக்குப் பால் காய்ச்சக் கூட ஆள் இல்லை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ, சம்பந்தி அம்மாவும் நானும் அந்த நீள வராந்தாவில் போனோம். சுவர் முழுக்கப் படங்கள். எனக்குக் கை கழுவ வேண்டியதே மறந்துபோயிற்று. அத்தனை பேரும் இருந்தார்கள். கோட்டு போட்ட கிழவர், இரட்டைச் சடைப் பெண்கள், யானைத் தந்தம் மாதிரி மீசைக்காரர். வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி, தனியாக, ஜாடிமேல் கை வைத்தபடி அவள். அந்தப் பக்கம்தான் வாசல். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பித்தளைத் தகடு, ஆங்கிலத்தில். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'எங்கள் பாட்டி'. நான் வெறுமையாக விட்ட இடத்தில் எவனோ எழுதிவிட்டான். பிள்ளை பெறாமலே போனவளை, முகம் தெரியாத ஒரு ஹோட்டலுக்குப் பாட்டி ஆக்கிவிட்டேன். சம்பந்தி அம்மா பக்கத்தில் வந்து, "என்ன சம்பந்தி, தெரிஞ்சவகளா?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்றேன். நைனா, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இரண்டாம் முறை அவளை விற்ற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து மறுபடி போனேன். கல்யாணப் பார்ட்டி என்று சொன்னதால் உள்ளே விட்டார்கள். அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழுமலை என்று ஒரு சர்வர், நெம்மேலி ஊர்ப் பையன், தண்ணி கொண்டு வந்து வைத்தான். "இந்தப் படம் மட்டும் ஏம்பா தள்ளி மாட்டிக் கீது?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அதுவாம்மா? அந்த ஊனுகோல் பெரியவரு சொல்லி மாட்டினது. ஏசி காத்து நேரா படுது, படம் கெட்டுடும், கொஞ்சம் நவுத்தி மாட்டுப்பான்னாரு. அமாவாசைக்கு அமாவாசை நாஸ்தா டைம்ல வருவாரு. ஒரு காபி சொல்வாரு, அது ஆறி ஏடு கட்டிப் போவும், குடிக்க மாட்டாரு. நீங்க உக்காந்துகினு கீறீங்களே, இங்கதான். இந்த ரோட்ல கீற எல்லா ஹோட்டலும் ஏறி எறங்கித்தான் கண்டுபுடிச்சேன்னு ஒருவாட்டி சொன்னாரு. நான் கேட்டேம்மா, உங்க சொந்தமா, மேனேஜரக் கேட்டு வாங்கிகினு போலாமேன்னு. வோணாம்ப்பான்னாரு. கேட்டா யாரு வித்தாங்கன்னு கேப்பான். கடையில ஒரு பொண்ணு கீது, அதுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காதுன்னாரு. இப்ப கொஞ்ச வருசமா வர்றதே இல்ல. நல்லா கீறாராம்மா?"

விற்ற பொருள் பின்னால் போகாத மனுஷன். உடைந்த இடுப்போடு அத்தனை ஹோட்டல் படி ஏறியிருக்கிறார். நான் இரண்டு ஏறினேன்.

எல்லோரும் இதைக் கேட்டால் தெய்வம் மாதிரி மனுஷன் என்பார்கள். எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. உன்னிடம் சொல்வதற்கென்ன. நீ பிறந்த வருஷம் உன் அப்பாவின் டிரைவிங் லைசென்ஸைப் பாக்கெட்டோடு சோப்புத் தண்ணியில் ஊற வைத்துவிட்டேன். மறுநாள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேலைக்கு அவர் போய் நிற்க வேண்டியது. மூன்று நாள் திட்டினார். தெருவே கேட்டது. நாலாம் நாள் சாயங்காலம் மசால் வடை வாங்கிக்கொண்டு வந்தார், அதோடு தீர்ந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். அண்ணாத்த அன்று என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். "அது எம் பொண்டாட்டிடி" என்று கத்தியிருக்கலாம். நான் அழுதுகொண்டே ஓடி, அந்த அலங்காரக்காரி காலில் விழுந்தாவது வாங்கி வந்திருப்பேன். ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். என்மேல் வைத்த பாசத்தால் அவர் மறைத்தார். அவர் சாகும்வரை அவருக்கு அந்த பெஞ்சு. நான் சாகும்வரை எனக்கு அந்த ஆணிகள். நைனா, கீர்த்தி தப்பு செய்தால் திட்டு. நீ தப்பு செய்தால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள். சோறு இறங்காது என்று பயந்து எதையும் மறைக்காதே. ஒருவேளைச் சோறு இறங்காவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

நாளைக்குப் போய் அந்தப் படத்தைக் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் சம்பந்தி அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். கல்பாக்கத்தில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பம். என்ன நினைப்பார்களோ. உனக்குத் தலைகுனிவாகப் போகுமோ என்றும் இருக்கிறது. இருந்தாலும் போகிறேன்.

வெள்ளிக்கிழமை. நிறுத்திய இடத்திலிருந்து எழுதுகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்து, "அன்னைக்கு இல்லன்னு சொன்னேனே, பொய்ங்க" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "பஸ்ல போகாதீக. நான் கார் எடுத்துட்டு வாரேன், சேந்தே போயிரலாம்" என்றாள். மதுரைக்காரி. அவள் காரிலேயே போனோம். மேனேஜர் முதலில், "அது எங்க ஓனரோட பாட்டிங்க" என்றார். சம்பந்தி அம்மா, "அப்படியா, அவுக பேரு என்ன?" என்று கேட்டாள். அவர் ரிசப்ஷன் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பேரு சுலோச்சனா" என்றேன் நான். கடை, விளக்கு, நான் விற்றது எல்லாவற்றையும் சொன்னேன். ரிசப்ஷனில் நின்ற இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் சென்னையில் இருக்கிற முதலாளி அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த அம்மா நான் முடிக்கக்கூட விடவில்லை. "ஐயோ, அதுக்கென்ன, குடுத்து அனுப்புங்க. டெகரேஷனுக்கு வாங்கினதுதானே. அங்க வேற ஏதாவது மாட்டிக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான் நைனா. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் வாய் திறந்து ஒருமுறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நாலு வருஷ அமாவாசை, ஆறிப்போன அத்தனை காபி. எல்லாம் என் பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காக. ஏழுமலை படத்தைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தான். பெரியவர் இறந்துபோனதை அவனிடம் அப்போதுதான் சொன்னேன். அவன் கார் வரைக்கும் கூடவே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கூடத்தில் ஆணியில் மாட்டப் போனேன். அதற்கு மேலே உன் மாலை தொங்குகிறது. திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி நீ கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தது, கல்யாணம் முடிந்ததும் கீர்த்தியோடு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டியது. காய்ந்து சருகாகிவிட்டது. காற்றில் அறுந்து இவள்மேல் விழுந்துவிடுமோ என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. மாலை விழக்கூடாதே. உன் மாலையை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டு, இவளைக் கட்டில்மேல் சாய்த்து வைத்தேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வாசலைத்தான் பார்க்கிறாள். யாரை எதிர்பார்க்கிறாள் என்று இப்போது தெரியும். அதனால் பயமாக இல்லை என்று சொல்ல முடியாது. கதவைத் தாழ்போட மனசு வராமல் இருட்டும்வரை திறந்தே வைத்திருந்தேன். உன் அப்பா கொசு வருகிறது என்று கத்தினார்.

பிறகு தனம் அக்காவுக்குப் போன் செய்தேன். "படம் கெடச்சுடுச்சுக்கா. வித்ததே நான்தான்" என்றேன். அவள் திட்டினாள் பார், காது கூசிற்று. நாலு வருஷமா பொய் சொன்னியேடி, உனக்குச் சோறு போட்ட கையாச்சேடி என்று அரை மணி நேரம். போனை வைக்காமல் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் அழுதாள், அழுதுவிட்டு, "ஞாயித்துக்கெழம எடுத்துகினு வா. மாலை வாங்கிகினு வராத" என்றாள். போனை வைத்ததும், சொன்னால் நம்பமாட்டாய், எனக்குப் பசித்தது. பானையில் இருந்த பழைய சோற்றை மோர் ஊற்றிப் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரவேற்பு அன்று மேடைக்குப் போகும் முன் கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு அந்த வராந்தாவுக்குப் போ. படங்கள் வரிசையாக இருக்கும், கொஞ்சம் தள்ளி ஒரு வெறும் ஆணி இருக்கும். உன் கல்யாணம் முடிகிறவரை அதில் எதையும் மாட்டவேண்டாம் என்று ஏழுமலையிடம் சொல்லியிருக்கிறேன். உன் தாய்மாமன் உட்கார்ந்த பெஞ்சு எதிரிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் அதில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இங்கே என்ன இருந்தது என்று கீர்த்தி கேட்பாள். எங்க அத்தை படம் இருந்தது, எங்க அம்மா வித்துட்டாங்க என்று அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா